செட் ஊமையாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்து கடைக்கு ஆள் வரத் தொடங்கிய வாரத்தில், எங்களிடம் வாங்கிய, அலைவரிசைகளைத் தானாகத் தேடும் ஸ்கேன் வசதியுள்ள ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) கைச்செட்டுகளில் ஏழு திரும்பி வந்தன. ஏழு பேரும் சொன்னது ஒன்றுதான்: "ஸ்கேன் ஓடுது, சத்தம் வரல." ஏழையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பழுது இல்லை. விற்கும்போது நாங்கள் போட்டுக் கொடுத்த அமைப்புதான் தவறு. ஸ்க்வெல்ச்சை, அதாவது இரைச்சலை அடைக்கும் அமைப்பை, 5-இல் வைத்திருந்தோம். சிலவற்றில் வாங்கும் பக்கத்து டோனையும் அணைக்காமல் விட்டிருந்தோம் (இரண்டையும் கீழே விளக்குகிறேன்). அலைந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் கடைக்கு வராமலே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

அந்த ஏழு பேரில் ஒருவர் மேலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். செட்டைக் கைக்குட்டையில் சுற்றி மஞ்சள்பையில் வைத்துக் கொண்டுவந்தார். "தம்பி, மூணு நாள் ராத்திரி மொட்டைமாடியில உக்காந்துட்டேன். ஒரு குரல் வரல. இந்த வயசுல பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினது வீண்தானோன்னு தோணிருச்சு" என்றார். வாங்கிப் பார்த்து ஸ்க்வெல்ச்சை 5-இலிருந்து 1-க்கு இறக்கினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் கரகரப்போடு யாரோ ஒருவர் தேனிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சார் செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று இரவும் அந்தக் குரல்கள் அவர் மாடிக்கு வந்துதான் இருந்திருக்கும். நாங்கள் வைத்த 5 அவற்றை உள்ளே விடவில்லை.

ஸ்க்வெல்ச் என்பது கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி. கலுங்கின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால்தான் மறுபக்கம் வழியும். அதேபோல, நீங்கள் வைத்த அளவுக்கு மேல் சிக்னல் ஏறினால்தான் ஸ்பீக்கர் திறக்கும். 0-இல் வைத்தால் எப்போதும் திறந்தே இருக்கும், வெறும் இரைச்சல் கேட்கும். 5-க்கு மேல் போனால் பக்கத்துத் தெருவில் இருப்பவர் பேசினால்தான் கேட்கும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. யாரும் பேசாத ஓர் அலைவரிசையில் நின்று 0-இல் தொடங்குங்கள். இரைச்சலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இரைச்சல் எந்த எண்ணில் நிற்கிறதோ அங்கேயே விட்டுவிடுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னும் ஒன்று கூட்ட வேண்டாம். கிராமத்தில் பெரும்பாலும் 1 போதும். மாசி வீதிகளுக்குள் குடியிருந்தால் 2 அல்லது 3 தேவைப்படலாம். சந்தேகம் வந்தால் செட்டின் பக்கவாட்டில் உள்ள மானிட்டர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அது ஸ்க்வெல்ச்சை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடும். இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். மானிட்டரையும், பேசுவதற்கு அழுத்தும் பி.டி.டி. பொத்தானையும் மாற்றி அழுத்திவிடாதீர்கள், இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அதன் பிறகும் ஊமை என்றால் டோனைப் பாருங்கள். 67 ஹெர்ட்ஸ், 88.5 ஹெர்ட்ஸ் என்று ஸ்பீக்கரில் கேட்காதபடி செட் வடிகட்டிவிடும் தாழ்ந்த ஒலி ஒன்றைப் பேச்சோடு சேர்த்து அனுப்புவது வழக்கம். ரிப்பீட்டரை, அதாவது நம் பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தைத் திறக்க அது வேண்டும். ஆனால் வாங்கும் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால், அந்த ஒலி சேர்ந்து வராத எந்தப் பேச்சையும் செட் தள்ளிவிடும். கேட்பதற்கு அது தேவையே இல்லை. வாங்கும் பக்கத்து டோனை அணைத்து வையுங்கள், அனுப்பும் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது ஸ்கேன் நிற்கும் விதம். மெனுவில் டைம், கேரியர், சர்ச் என்று மூன்று இருக்கும். டைமில் வைத்தால் சிக்னல் கிடைத்த இடத்தில் சில நொடி நின்றுவிட்டு, பேச்சு பாதியில் இருந்தாலும் நகர்ந்துவிடும். சர்ச் என்றால் ஒன்று கிடைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடும், பிறகு நீங்கள்தான் கிளப்ப வேண்டும். கேரியர்தான் பழகுகிறவர்களுக்கு நல்லது, பேச்சு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு அப்புறம் கிளம்பும்.

இனி வேகக் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் "ஒன்றும் மாட்டவில்லை" என்ற புகாரில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஸ்கேன் மட்டும் செய்வதற்கென்றே வரும் கருவிகள் நொடிக்குப் பல பத்து இடங்களைத் தொட்டுப் பார்க்கும். நாம் வைத்திருக்கும் சாதாரணக் கைச்செட் நொடிக்கு மூன்று இடத்தைப் பார்த்தால் அதுவே அதிகம். நம் நாட்டில் ஹாம்களுக்கான இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரை. ஸ்டெப், அதாவது ஒவ்வொரு தாவலின் அளவு, 5 கிலோ ஹெர்ட்ஸில் இருந்தால் அதற்குள் 400 இடங்கள். ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒருவர் அழைத்து, பதில் வராமல், செட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். ஸ்டெப்பை 12.5 ஆக்கினால் 160 இடங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியும். அதைவிட நல்லது, பட்டை முழுவதையும் தேட விடாமல், நம் பகுதியில் ஆள் நடமாட்டம் உள்ள பத்து அலைவரிசைகளை மெமரியில் போட்டு அவற்றை மட்டும் ஓட விடுவது. மூன்று நான்கு நொடியில் ஒரு சுற்று வந்துவிடும். எப்போதும் இரைச்சலில் மாட்டி நிற்கிற சேனல் ஏதாவது இருந்தால் ஸ்கேன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். அது ஒன்றே மற்ற ஒன்பதையும் கேட்கவிடாமல் செய்துவிடும்.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. எனவே உயரம்தான் எல்லாம். எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அடிவானம்வரை எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 9 மீட்டர் உயர மொட்டைமாடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இரண்டு மாடிகளுக்கு நடுவில் 24. ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு 190 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. மதுரையிலிருந்து நேர்கோட்டில் அது 80 கிலோமீட்டர்தான். அதனால்தான் சின்னச் செட்டிலும் கொடையிலிருந்து வருவது கேட்கிறது, சில சமயம் திருமங்கலத்து நண்பர் பேசுவது கேட்பதில்லை. மலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானைமலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் வீடு என்றால் கொடைப் பக்கத்தை மலை மறைத்துவிடும். அது செட்டின் குறை இல்லை. நூறு இருநூறு அடி தள்ளி நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உங்கள் ஆன்டெனாவைச் சோதிக்கக் கையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. செட்டில் உள்ள எஃப்.எம். ரேடியோவைப் போட்டு 100.5-க்கு, அதாவது கொடைக்கானல் பண்பலைக்கு வாருங்கள். ஹாலில் எப்படி, ஜன்னலோரம் எப்படி, மாடியில் எப்படி என்று கேளுங்கள். ஜன்னலோரத்தில்கூடத் திணறினால் ஆன்டெனா சரியாகத் திருகப்படவில்லை, அல்லது அதன் அடிப்பகுதி உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா வசதிக்காகக் குட்டையாகச் செய்யப்பட்டது. 145 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 51 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு டெலஸ்கோப் ஆன்டெனா போட்டால் கேட்பது நன்றாகக் கூடும். செலவில்லாத வழியும் இருக்கிறது: 50 சென்டிமீட்டர் வயர் ஒன்றை ஆன்டெனா திருகும் இடத்தின் வெளிவளையத்தில் சுற்றி, வால் போலக் கீழே தொங்கவிடுங்கள். வயர் நடுஊசியில் படக்கூடாது.

அதற்காக உடனே மாடியில் பெரிய ஆன்டெனா நட வேண்டாம். விலை குறைந்த கைச்செட்டுகள் பலமான சிக்னலைத் தாங்காது. ஊருக்குள் பண்பலை ஒலிபரப்புகளும் செல்போன் கோபுரங்களும் நெருக்கமாக இருக்கும்போது, பெரிய ஆன்டெனா அவற்றையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்து கொட்டும். செட் திணறிப்போய், முன்பு கேட்டதும் கேட்காமல் போகும். போன வருடம் ஒருவருக்கு நானே ஆன்டெனா விற்றுவிட்டு, மறுவாரம் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது முதலில் செட்டைப் பார்த்த பிறகுதான் ஆன்டெனாவைப் பற்றிப் பேசுகிறேன்.

வீட்டுக்குள்ளிருந்தே வரும் இரைச்சலும் உண்டு. மலிவான எல்.இ.டி. பல்புகள், இன்வெர்ட்டர், டிவி பெட்டி, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டம் போட்டு வைத்திருக்கும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பயன்படுத்துங்கள். தெருவே கரண்ட் இல்லாமல் இருக்கும் அந்தப் பகலில், இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, ஸ்க்வெல்ச்சை 0-இல் வைத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டு வானம் உண்மையில் எவ்வளவு அமைதியானது என்று அன்றுதான் தெரியும். கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அகப்பட்டது பூஜை அறையில் எரியும் ஒரு சின்ன சீரியல் லைட்.

சரி, கேட்க என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது, அது 437.800 மெகா ஹெர்ட்ஸில் பேசும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் கடந்துபோக அதிகபட்சம் பத்து நிமிடம் ஆகும். இதற்கு ஸ்கேன் கூடாது, ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும். ஹாரன் அடித்தபடி கடந்துபோகும் பஸ்ஸின் ஒலி வரும்போது உயர்ந்தும் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா, அதேபோல இங்கே அலைவரிசையே நகரும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்தையும் அடுத்தடுத்த மெமரியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிவானத்தில் வரும்போது முதலாவதில் தொடங்கி, குரல் கரகரக்கும்போது அடுத்ததற்கு நகருங்கள்.

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்த ஒரு மொட்டைமாடியில், புதிதாக லைசென்ஸ் வாங்கிய கல்லூரி மாணவி ஒருவரோடு ஒரு மாலை நின்றேன். அவர் ஆன்டெனாவின் நுனியை நேரே வானத்தைப் பார்த்து நீட்டிப் பிடித்திருந்தார். எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நுனி காட்டும் திசையில்தான் ஆன்டெனாவுக்குக் காது மந்தம். "கொஞ்சம் படுக்கப் போடும்மா, பக்கவாட்டில் காட்டு" என்றேன். செட்டைச் சாய்த்தார், இரைச்சல் சட்டென்று விலகியது. பெங்களூர்க்காரர் ஒருவரும், 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஒரு இலங்கைக்காரரும் விண்வெளி வழியாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தக் கடையை நடத்துவது இப்படிப்பட்ட பத்து நிமிடங்களுக்காகத்தான்.

137 மெகா ஹெர்ட்ஸில் முன்பு கேட்ட "டிக்-டாக்" சத்தம் இப்போது வரவில்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் ஒலி. 15, 18, 19 என்ற அந்த மூன்றையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

காவல்துறை, விமான நிலையம், தீயணைப்பு அலைவரிசைகளை ஏற்றித் தரச் சொல்லி வாரம் ஒருவராவது வருகிறார். எங்களால் முடியாது, பழகியவர் கேட்டாலும் முடியாது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி இந்தக் கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. இதனால்தான் ஹாம் லைசென்ஸ் நகல் இல்லாமல் இந்தச் செட்டுகளை நாங்கள் தருவதில்லை. இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பெரிய மலை இல்லை. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் பிரிவுக்கு மோர்ஸ் எனும் தந்திக் குறியீட்டுத் தேர்வு கிடையாது, அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் பிரிவுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும், அது வி.யு.2. 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அற்றுப்போன நாட்களில், போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தவர்களில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி முக்கியமானவர். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது அவரைப் பற்றித்தான்.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் செட் பேசவில்லை என்றால், சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேல் கடைக்குக் கொண்டுவாருங்கள். எங்களிடம் வாங்கியது, வெளியில் வாங்கியது எதுவானாலும் காசில்லாமல் அமைத்துத் தருகிறோம், லைசென்ஸ் நகல் மட்டும் கையில் இருக்கட்டும். வரும்போது சார்ஜ் போடும் தொட்டிலையும் அதன் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். திரும்பி வந்த ஏழில் இரண்டு, வேறு அடாப்டர் மாட்டப்பட்டு அரைகுறையாகச் சார்ஜ் ஏறியிருந்தவை. 7.4 வோல்ட் பேட்டரி நிறைய வேண்டுமானால் 8.4 வோல்ட் வரை போக வேண்டும், கைக்குக் கிடைத்த அடாப்டர் அதற்கு உதவாது.

அன்புடன்,
மேலமாசி வீதிக் கடையிலிருந்து