தோளை முதலில் நிறுத்து

மயிலாடி,
புதன்கிழமை

மக்களே,

அம்மா இன்று காலையிலும் உனக்குப் போன் செய்தாள். வேலையில் இருக்கிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாய். வேலையில் இருந்தால் நல்லதுதான். இங்கே எல்லோரும் சுகம். மழை விடாததால் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கல் கொத்துகிறோம். ஆச்சிக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது. வடக்குப் பக்கத்து மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் நீ செய்யும் சிற்பவேலையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ கடைசியாக அனுப்பிய துவாரபாலகரைத் தங்கச்சி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். கோரைப்பல்லின் மேல் உதடு மடிந்து ஏறுகிற இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மடிப்பு எனக்கு வராது. பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு, என் மகன் செய்தது என்று காட்டினேன். ஆனால் மக்களே, கன்னத்தில் தோலின் துளை ஒவ்வொன்றும் இருக்கிறது, தோள் இல்லை. கையை ஓங்கி நிற்கிறார். காறை எலும்போ குச்சியை வைத்ததுபோல் நேராகக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் அது மார்பெலும்பில் தொடங்கி, வளைந்து, பின்னோக்கிப் போகும். கை உயர்ந்தால் அதன் வெளிமுனையும் உயரும். முதுகில் தோள்பட்டை எலும்பு திரும்பும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நில். ஒரு கையைத் தூக்கி, மறு கையால் அந்த எலும்பை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார். உடனே பென்சிலில் வரை. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு.

மார்கழித் தேருக்கு வந்திருந்தபோது நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்: ஓர் உருண்டையில் தொடங்குவது, ஒருமுறை சப்டிவைட் செய்தால், அதாவது ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்தால், பரப்பிலுள்ள கட்டங்கள் நான்கு மடங்காவது. அதை வைத்துத்தான் சொல்கிறேன். கட்டங்கள் குறைவாக இருக்கும்போதே தலை, மார்புக்கூடு, இடுப்பு மூன்றும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று முடிவு செய். பெருகிய பிறகு தோளை நகர்த்தப் போனால் பரப்பு முழுவதும் கரடுமுரடாகிவிடும் என்று நீயே காட்டினாய். உன் வேலையில் கட்டங்கள் குறைந்த கீழ்ப்படிக்கு இறங்கிப் பெரிய வடிவத்தைத் திருத்திவிட்டு மறுபடி மேலே ஏறலாம். எங்களுக்கு அது கிடையாது, கல்லில் தெறித்தது தெறித்ததுதான். உனக்கு இறங்கித் திருத்த வழியிருக்கிறது. இறங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை மக்களே.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும் அந்த வசதியையும் சீக்கிரம் நிறுத்திவிடு. சமபங்கத்தில், வளையாமல் நேராக நிற்கும் மூர்த்திக்கு அது பொருந்தும். மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் திரிபங்கத்தில் தூக்கு நூல் நேராகவே தொங்கும், உடல்தான் அதைவிட்டு விலகும். வள்ளுவர் சிலையைப் பார். பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அவ்வளவு கல்லையும் அடுக்கி, கணபதி ஸ்தபதி இடுப்பில் ஓர் ஒசிவு, ஒரு வளைவு வைத்தார். படகில் போகும்போது விரலும் கண்ணும் தெளிவதற்கு முன்பே அந்த ஒசிவு தெரிந்துவிடுகிறது. உன் உருவத்தையும் முழுக்கக் கறுப்பாக்கித் தூரத்தில் வைத்துப் பார். அப்போதும் நிற்கிறாரா என்று தெரியும்.

நீ முன்பெல்லாம் வடசேரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து நோட்டு நோட்டாக வரைவாய். பஸ் வருவதற்குள் ஓர் ஆள் என்று வேகமாகப் போடுவாய். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவரின் அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வரைந்துதான் கண்டுபிடித்தாய். தோவாளையில் பூக்கூடையை இடுப்பில் இடுக்கி, மறுபக்கம் சாய்ந்து நின்ற பெண்ணை வரைந்த தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பெங்களூரிலும் பஸ் நிலையம் இருக்கிறதே. ஒரு கோடு போட்டாலும் ஓடிவந்து காட்டுகிற பிள்ளை நீ. இப்போது நாங்கள் கேட்டால்கூட ஒன்றும் வருவதில்லை. அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். எனக்கும்தான்.

போன வாரம் உன் அறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே. மேசையில் பேனா வைத்து வரைகிற அந்தப் பலகை இல்லை. படம் எடுத்த கோணத்தில் விழாமல் போயிருக்கலாம். கம்பெனியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ சிற்பம் செய்கிற ஜீபிரஷ் சாப்ட்வேருக்கு மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கிறது, பிளெண்டர் என்ற இன்னொன்று காசில்லாமல் கிடைக்கிறது, அதிலும் சிற்பம் செய்யலாம் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். பலகை பழுதாகியிருந்தால் எழுது. நந்தி வேலைக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். அதில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். உன் தங்கச்சி படிப்புக்கு வேறு இருக்கிறது, யோசிக்க வேண்டாம்.

எதற்கும் தோளை முதலில் நிறுத்து. மறுபடியும் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. தோல், துளை, நரம்பு எல்லாம் கடைசியில். நாங்களும் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறோம்.

நாகர்கோவில் ரயிலில் சாயங்காலம் ஏறினால் காலையில் வந்துவிடலாம். லீவு கிடைக்குமா என்று பார்க்க வேண்டாம், வா. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் பாவை விளக்குகளை, விளக்கேந்தி நிற்கும் பெண் சிலைகளை வரைவோம். கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும். முடித்த படங்களைக் கொண்டுவர வேண்டியதில்லை. பாதியில் விட்டது, பிடிக்காமல் மூடி வைத்தது எதுவானாலும் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம். டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் சொல். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா