காலைச் சாப்பாடும் வரவு இடாப்பும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே மழை, டெங்கு, தவணைப் பரீட்சை என்று வழமையான கதைதான். சின்னவள் வேலை மாறிவிட்டாள். சம்பளம் கூடியிருக்கிறது; வீட்டுக்கு வந்து சேரும் நேரமும் கூடியிருக்கிறது.

பேத்தியின் பள்ளியில் காலையில் உப்புமாவும் சாம்பாரும் கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். "சோற்றுக்காக வருகிற பிள்ளை படிக்கவா போகிறது?" என்று அவர் கேட்டாராமே! கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவைத் தொடங்கியபோதும் இப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்று அவரிடம் சொல். உங்கள் தமிழ்நாட்டுக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டெம்பரில் மதுரையில் தொடக்கிவைக்கப்பட்டு, மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகளோடு ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. ஆனாலும் அவர் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது.

என் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் தரம், உங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டாம் வகுப்பு. பாதிப் பேரின் தகப்பன்மார் புறக்கோட்டைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை, இல்லாவிட்டால் பேலியகொடைச் சந்தை. விடியுமுன்பே வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். தாய்மாரில் பலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு ஏழரை மணிக்கு வந்து உட்கார்ந்துவிடும். எட்டரை ஆனதும் "ரீச்சர், வயிறு வலிக்கிறது" என்று ஒரு குரல் வரும். பின்னால் இன்னொன்று. புதிதாக வரும் ஆசிரியர்கள் ஓமத்திரவம் தேடுவார்கள். பழகியவர்கள் பிஸ்கட் தேடுவார்கள்.

2022இன் பொருளாதார நெருக்கடியை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய், நாங்கள் அதற்குள் இருந்தோம். அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். எரிபொருள் இல்லாமல் மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்த பிறகும் சில பிள்ளைகள் வரவில்லை. தாய்மாரைக் கேட்டால் காய்ச்சல் என்பார்கள். வெறும் சாப்பாட்டுப் பெட்டியோடு அனுப்ப வெட்கம் என்பதை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்?

2024 மார்ச்சில் அரசாங்கப் பள்ளிகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு என்று ஆனது. அந்த 'எல்லோருக்கும்' என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஏழைப் பிள்ளை எது என்று விரல் நீட்டிப் பொறுக்குகிற வேலை ஆசிரியருக்கு இல்லை. சோறு, பருப்பு, கீரை, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் நெத்தலி. கீரையை ஒதுக்கி வைப்பதில் என் பிள்ளைகள் நிபுணர்கள். ஆனால் முட்டை நாளில் இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், வெற்றுக் கட்டமே இராது. இடையில் மேலிடத்திலிருந்து காசு வரப் பிந்தி, சமைக்கிற அம்மா கடன் தாங்காமல் நிறுத்திவிட்டார். அந்த வாரங்களின் இடாப்பை உன் வீட்டுக்காரருக்குக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆக, சாப்பாடு பிள்ளையைக் கொண்டுவருகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிப்பு வேறு விஷயம். கென்யாவில் 25 பாலர் பாடசாலைகளில் காலை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உணவு இல்லாத பாடசாலைகளைவிட அங்கே வரவு ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். ஆனால் பரீட்சைப் புள்ளிகள் கூடியது நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்த இடங்களில் மட்டும்தான். பரிமாறுவதில் பாட நேரமும் கரைந்துபோனது. வாசித்தபோது எங்கள் பள்ளியைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று நினைத்தேன்! கை கழுவ வரிசை, தட்டுக் கழுவ வரிசை, சிந்திய சோற்றைக் கூட்ட ஆள் தேடல். இவ்வளவும் முடிந்து கரும்பலகைக்குத் திரும்பினால் கணிதப் பாடத்தில் மிச்சம் பதினைந்து நிமிடம்.

அதே நேரம், ஜமேய்க்காவின் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மற்றவர்களுக்குத் தோடம்பழத்தில் (ஆரஞ்சில்) கால்வாசித் துண்டும் ஓர் ஆண்டு முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். இங்கிலாந்தில் மணி அடிக்குமுன் உணவு கொடுத்த பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே போனார்கள். வகுப்பில் குழப்படியும் குறைந்தது. குழப்படி குறைந்தால் வீட்டில் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கும் லாபம்தானே.

மணி அடிக்குமுன் என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மணிக்கே கொடுத்து ஏழரைக்குப் பாடத்தைத் தொடங்குவோம் என்று பள்ளித் தலைவரான அதிபரிடம் கேட்டிருக்கிறேன். சமைக்கிற அம்மா நாலு மணிக்கு எழும்ப வேண்டும், அதற்குத் தனியாகக் காசு வேண்டும் என்கிறார் அதிபர். அவர் சொல்வதும் சரி. பெற்றோரைக் கூட்டிப் பேசுவதாக இருக்கிறோம்.

பேத்தியின் பள்ளியில் எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள், தட்டுக் கழுவுவது யார், ஆசிரியர்கள் கூட நிற்கிறார்களா என்று விசாரித்து எழுது. கூட்டத்துக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

உன் வீட்டுக்காரரைக் கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி