டார்ச் பிடித்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கிலாந்தின் வடகோடியில், டைன் ஆற்றங்கரையில் கார்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர். அங்கே புனித அந்திரேயா ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் கற்கோபுரத்தை அளந்து வரைபடம் போட நான்கு நாள் அலைந்தேன். கட்டடக்கலைப் படிப்புக்கான வேலை. தனியாளாக முடித்திருக்கவே மாட்டேன்.

முதல் நன்றி, ரயிலடியில் நனைந்து நின்றவளைக் காரில் ஏற்றிக்கொண்ட அம்மாவுக்கு. நான் கோட்டை என்றதும், "கோட்டை இல்லை, சாமியார் வீடு" என்று திருத்தினார். அதன் பெயரே 'விகார்ஸ் பீல்', அதாவது பங்குச் சாமியாரின் காவல் கோபுரம். பங்குச் சாமியார் குடியிருக்க 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. நம் ஊரில் சாமியார் பங்களா என்றால் ஓடு வேய்ந்த தாழ்வாரமும் ஒரு மாமரமும் இருக்கும். இவருக்கு மட்டும் எதற்கு இத்தனை கனமான சுவர்? 1296, 1312, 1346 என ஐம்பதே ஆண்டில் மூன்று முறை ஸ்காட்லாந்துப் படை ஊரைக் கொளுத்தியிருக்கிறது. படை வராத காலத்தில் எல்லைக் கொள்ளையர்கள் மாடு பிடிக்க வருவார்கள். நம் வெட்சித் திணைதான், பூ மட்டும் சூடவில்லை. 1415இல் எடுத்த நார்தம்பர்லாந்துக் கோட்டைப் பட்டியலில் இந்த வீடும் சேர்ந்திருக்கிறது.

அடுத்து, கல்தச்சர் ஐயாவுக்கு. சுவரிலிருந்த உளித் தடங்களை எல்லாம் 'இடைக்காலம்' என்று குறித்து வைத்திருந்தேன். மேற்கே கூப்பிடு தூரத்தில் இடிந்து கிடந்த ரோமானிய நகரத்திலிருந்து தூக்கி வந்த கற்கள் என்று அவர் சொன்னதும் இரண்டு நாள் குறிப்பு குப்பைக்குப் போனது. அப்போது கோபம், இப்போது நன்றி.

கோபுரத்துக்குள் சில ஆண்டுகளுக்கு முன் பப் வந்துவிட்டது. காலையில் நாற்காலிகளை ஒதுக்கி அளக்க இடம்விட்ட ஊழியர்களுக்கும் நன்றி.

அப்புறம், டார்ச் பிடித்த பெரியவருக்கு. சுவருக்குள்ளேயே ஏறும் குறுகலான படியில் முழங்கால் வலியோடு எனக்காக ஏறினார். மேலே ஒடுக்கமான ஜன்னலருகே வெளிச்சத்தைக் காட்டி, "இங்கே கை வை" என்றார். சாய்வாகச் செதுக்கிய கல். புத்தகம் வைத்துப் படிக்க! கீழே தீ வைத்தாலும் பற்றாமலிருக்க வளைத்துக் கட்டிய கல் கூரை, இரும்புக் கிராதிக் கதவு. மேலே வெளிச்சம் விழும் இடம் பார்த்து ஒரு படிப்பு மேசை. நான்கு நாளாகக் கோட்டையை அளந்த எனக்கு அப்போதுதான் அது வீடாகத் தெரிந்தது. வரைபடத்தில் அந்தக் கல்லை மட்டும் தனித்தாளில் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

ஐயா, உங்கள் டார்ச் தவறுதலாக என் பையோடு வந்துவிட்டது. வரைபட நகலோடு தபாலில் வரும். பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறேன்.