இறந்த வீட்டில் 'இருந்தால்' என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு மலரில் முன்குறித்தல் பற்றி, அதாவது யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை பற்றி வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வந்த கடிதங்களையும் படித்தேன். ஒருவர் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டி "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்கிறார், இன்னொருவர் தீமோத்தேயுவைத் திறந்து "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" என்று அவரை மடக்குகிறார். இரண்டு வசனத்துக்கு அடியிலும் என் பைபிளில் பென்சில் கோடு இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. இந்த வாக்குவாதம் ஒரு இறந்த வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்று பார்த்தவள் நான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்க நாள்கூடக் குறிக்கவில்லை. ஒருவர் தனியாகக் கையில் ஏந்திப் போகிற அளவுக்குத்தான் பெட்டி. அந்தப் பெண் காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு, போட்டிருந்த ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ண வந்திருந்த ஊழியர் ஒருவர் எபேசியர் முதல் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார் என்று கர்த்தருக்குத்தான் தெரியும், இந்தப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருந்தால் பாக்கியம்" என்றார். தெரிந்துகொள்ளுதல் என்றால் பைபிள் தமிழில் தேர்ந்தெடுப்பது. இன்னொரு பக்கம் உறவுக்காரர்கள், ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டதே என்று முணுமுணுத்தார்கள். ராத்திரி நான் கஞ்சி கொண்டுபோனபோது அவள் அழவில்லை. "சித்தி, என் பிள்ளை அதுல இருக்கா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஊழியர் கெட்ட மனிதர் இல்லை. தேவனுடைய சித்தத்தில் நாம் கைவைக்கக் கூடாது என்ற பயபக்தியில்தான் அப்படிச் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் எந்தப் போதனையை மனதில் வைத்துப் பேசினாரோ, அந்தப் போதனையை எழுதிவைத்தவர்களே அந்த இடத்தில் 'இருந்தால்' என்ற வார்த்தையைப் போடவில்லை. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் அந்த ராத்திரிக்கு அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஹாலந்தில், கால்வினின் முன்குறித்தல் போதனையைக் கேள்வி கேட்ட ஆர்மீனியஸ் என்ற லைடன் பேராசிரியர் 1609-ல் இறந்தார். அடுத்த வருஷமே அவர் வழி வந்தவர்கள் ஐந்து அம்சங்களை எழுதிக் கொடுத்தார்கள்: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும், இப்படி. இதற்குப் பதில் சொல்லத்தான் 1618 நவம்பரில் டார்ட் நகரத்தில் சினாட் என்ற திருச்சபைப் பேரவை கூடியது. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மன் நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், 1619 மே மாதம் வரை நடந்தது. தீர்ப்பு கால்வின் பக்கம். அரசியலும் சேர்ந்துகொண்டதால் ஆர்மீனியர்களுக்கு ஆதரவாக இருந்த ஓல்டன்பார்னவெல்ட் என்ற 71 வயதுப் பெரியவரை அந்த மே 13-ம் தேதியே ஹேக் நகரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. அவ்வளவு கடுமையான காலம், அவ்வளவு கடுமையான ஆட்கள்.

அப்படிப்பட்ட சினாட் எழுதிய தீர்மானங்களில் முதல் தலைப்பின் பதினேழாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். விசுவாசிகளின் பிள்ளைகள் சுபாவத்தினால் அல்ல, கிருபையின் உடன்படிக்கையினால் பரிசுத்தமானவர்கள், ஆகவே சிசுப் பருவத்திலேயே தேவன் எடுத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றி தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது. இதுதான் அதன் சாரம். 'சந்தேகப்படக் கூடாது' என்றே இருக்கிறது. அந்தப் பிரிவில் ஞானஸ்நானம் ஆனதா இல்லையா என்ற கேள்விகூட இல்லை. ஒரு பாவமும் செய்யாத பிள்ளைகளைத் தாயின் மார்பிலிருந்து பிடுங்கி நரகத்தில் தள்ளுகிற தேவனைத்தான் நீங்கள் பிரசங்கிக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, அது நாங்கள் போதிக்கிறதே இல்லை, அதை வெறுக்கிறோம் என்று முடிவுரையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுக்காத வீடே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தப் பிரிவை எழுதிய ஆயர்களும் எத்தனை சின்னப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருப்பார்கள்!

சரி, விசுவாசிகளின் பிள்ளைகள் என்றுதானே சொல்கிறது, பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணின் பிள்ளை இறந்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டார்ட் அங்கே வாய் திறக்கவில்லை. பின்னால் இங்கிலாந்தில் எழுதப்பட்டு பிரெஸ்பிட்டேரியன்கள் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 'தெரிந்துகொள்ளப்பட்ட சிசுக்கள்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது, அப்படியானால் தெரிந்துகொள்ளப்படாத சிசுக்களும் உண்டோ என்று ஜனங்கள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பயந்தார்கள். கால்வினிஸ்ட் என்று தன்னைத் தைரியமாகச் சொல்லிக்கொண்ட லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1861-லேயே, சிசுவாக இறக்கிற எல்லாப் பிள்ளைகளும் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று பிரசங்கித்தார், யாருடைய பிள்ளை என்று அவர் பிரிக்கவில்லை. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை 1903-ல் அதையே தன் அறிக்கைக்கு விளக்கமாகச் சேர்த்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி வந்தவர்களுக்கு இதில் தயக்கமே இருந்ததில்லை, ஆதாமின் குற்றத்துக்காக மட்டும் எந்தப் பிள்ளையும் நரகத்துக்குப் போவதில்லை என்பது அவர்கள் போதனை. உறவுக்காரர்கள் முணுமுணுத்த பயமோ இன்னும் பழையது: ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்குத் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசான தண்டனை என்று எழுதியவர் ஆதித் திருச்சபை ஆயர் அகஸ்டின். அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்றால், அயர்லாந்தில் இருபதாம் நூற்றாண்டிலும் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே தனியாகப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் 2007-ல் ரோமில் கத்தோலிக்க இறையியல் குழுவே, இப்படிப்பட்ட பிள்ளைகள் இரட்சிப்படைவார்கள் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று எழுதியது.

என் மனசு வெஸ்லி பக்கம்தான் சாயும், மறைக்கவில்லை. எங்களுடையது பழைய எல்எம்எஸ் (லண்டன் மிஷனரி சொசைட்டி) சபை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு, பிரெஸ்பிட்டேரியன்களும் எங்களைப் போன்ற காங்கிரிகேஷனல் சபைகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள், முன்குறித்தலில் ஒத்த கருத்துக்கு வந்தபின்தான் சேருவோம் என்று காத்திருக்கவில்லை. அதனால் உங்கள் பக்கங்களில் இந்த விவாதம் நடக்கட்டும், படிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பிரசவ வலி ஆறாத ஒருத்தியின் முன்னால் அந்த 'இருந்தால்' வரக் கூடாது. கால்வினிஸ்ட் ஊழியர்களுக்கு அதைச் சொல்ல அந்த டார்ட் தீர்மானத்திலேயே இடம் இல்லை. மற்றவர்களுக்கு, பிள்ளை செத்தபின் தாவீது எழுந்து குளித்துச் சொன்ன வார்த்தை போதும்: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை." தாவீதின் அந்தப் பிள்ளைக்குப் பைபிளில் பெயர்கூட இல்லை என்பதை அவளிடம் இதை வாசித்துக் காட்டியபோதுதான் கவனித்தேன்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பதினேழாம் பிரிவை முழுசாகத் தமிழில் ஒரு சின்னக் கட்டம் கட்டி அடுத்த ஞாயிறு மலரில் போடுங்கள். வெட்டி பைபிளுக்குள் வைத்துக்கொள்ள அவள் கேட்டிருக்கிறாள்.

ஒரு வாசகி,
நாகர்கோவில்