முதலில் பதிவு, பிறகு பந்தல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அது தெரிந்த கதைதான்.

போனில் நீ கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் பாதி உன் காதில் விழும், பாதி போய்விடும். பத்திரம் எழுதியே பிழைத்தவனுக்குத் தாளில் இருந்தால்தான் திருப்தி. அதனால் கடிதம். நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கும் இதை ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொல்லிவிடு. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அவளை எப்போதைக்குமாக மதுரைக்குக் கூட்டிவர வேண்டும் என்கிறாய். எந்த விசா எடுக்கலாம் என்று கேட்கிறாய். விசா இருக்கட்டும். முதலில் கல்யாணம் எங்கே, எந்தச் சட்டத்தில், எந்தத் தேதியில் பதிவாகப் போகிறது என்பதைச் சொல். மற்றதெல்லாம் அந்தத் தேதியில் இருந்துதான் எண்ண வேண்டும்.

இந்தியக் குடிமகனைக் கட்டிய வெளிநாட்டுப் பெண் ஓசிஐ அட்டை வாங்கலாம். ஆயுள் முழுக்கச் செல்லும் விசா மாதிரி அது. எத்தனை தடவையும் வந்துபோகலாம், போலீஸ் பதிவு கிடையாது. ஆனால் கல்யாணம் பதிவாகி, விண்ணப்பம் கொடுக்கிற நாளுக்கு முன்பு தொடர்ந்து இரண்டு வருஷம் நீடித்திருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவில் இருக்கிறது. பழகிய வருஷங்கள் கணக்கில் வராது. தாலி கட்டிய நாளும் பதிவு இல்லாவிட்டால் வராது. பதிவு ஆறு மாதம் தள்ளினால் அட்டையும் ஆறு மாதம் தள்ளும்.

அம்மாவுக்குத் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம் வைக்க வேண்டும். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த இடம், ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை கத்தோலிக்கர். இந்துத் திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். 1967-இல் நம் மாநிலத்தில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது, அதுவும் இரண்டு இந்துக்களுக்குத்தான். கோயில் ரசீதைக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய முடியாது. இதற்காக மதம் மாறச் சொல்லலாமா என்று உன் மாமா ஒரு யோசனை சொன்னார். நான் அவரிடம் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஆகவே இங்கே செய்வதென்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் முன் 30 நாள் இந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். நோட்டீஸ் போட்ட பிறகு ஆட்சேபனைக்கு இன்னொரு 30 நாள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து. நாள் வந்ததும் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, சாட்சிக்கு இந்த வீட்டில் பஞ்சமில்லை. லீவுக்குத்தான் பஞ்சம். நீ வேலை பார்க்கிற அபுதாபியில் வருஷத்துக்கு 30 நாள் தருகிறார்கள், இங்கே இரண்டு மாதம் வேண்டும்.

நம் ஹைகோர்ட் மதுரைக் கிளை 2022-இல் இதற்கு ஒரு வழி காட்டியது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை, கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண். இரண்டு பேரும் நேரில் வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள், 30 நாளும் காத்திருந்தார்கள், காரியம் நடக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்று சாட்சிகள் முன்னால் வீடியோ காலில் கல்யாணத்தை நடத்தலாம், அவருக்கும் சேர்த்துப் பெண்ணே பவர் பத்திரத்தின் பேரில் கையெழுத்துப் போடலாம் என்று கோர்ட் உத்தரவிட்டது. படித்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் அது வழக்குப் போட்டு வாங்கிய உத்தரவு. அதை நம்பி நீ பிளான் போடாதே.

எனக்குச் சரியாகப் படுவது வேறு. நீங்கள் இரண்டு பேரும் அபுதாபியில்தான் குடியிருக்கிறீர்கள். 1969-ஆம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டம் என்று ஒன்று உண்டு. இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், நம் தூதரக அதிகாரி முன்னாலேயே கல்யாணம் நடத்திப் பதிவு செய்யலாம். அதிலும் 30 நாள் குடியிருப்பு, நோட்டீஸ் எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கேயே வேலை பார்க்கிற உங்களுக்கு லீவு போட வேண்டியதில்லை. தூதரகத்தில் முதலில் இதைக் கேள். சரிவராது என்றால், முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவருக்கு அபுதாபியில் சிவில் கல்யாணம் செய்துவைக்கிற கோர்ட் இருக்கிறது, 2021-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். அங்கே முடித்து, அவர்கள் வெளியுறவுத் துறை முத்திரையும் நம் தூதரக முத்திரையும் வாங்கிவிடு.

பிறகு இரண்டு வருஷம் அங்கேயே இருங்கள். இரண்டு பேர் சம்பளம், கொஞ்சம் சேர்த்துவைக்கலாம். இரண்டு வருஷமும் முடிந்ததும் அங்கிருந்தே ஓசிஐ விண்ணப்பம் போடுங்கள். அட்டை கைக்கு வந்த பிறகு அவள் வேலையை விடட்டும். அப்போது மதுரை ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

திருப்பரங்குன்றம்? பதிவு முடிந்த பிறகு எந்த லீவில் வந்தாலும் மாலை மாற்றிக்கொள்ளுங்கள், ஊருக்கே சாப்பாடு போடலாம். அம்மா இதற்குச் சம்மதித்துவிட்டாள். முறுக்கு எத்தனை படி என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது.

இல்லை அப்பா, இரண்டு வருஷம் பொறுக்க முடியாது, இப்போதே வருகிறோம் என்றால் எக்ஸ் விசா இருக்கிறது. இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் தருவது. கல்யாணச் சான்றிதழை வைத்து அங்கேயுள்ள தூதரகத்திலேயே வாங்கி வா. டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்கிவிட்டு, இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கம்ப்யூட்டரில் வாங்குகிற இ-விசாவை வேறு விசாவாக மாற்ற முடியாது என்று விதியே போட்டிருக்கிறார்கள். எக்ஸ் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸில் பதிய வேண்டும். அது சென்னையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனிலேயே போடலாம். அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போக முடியாது. ஐசியூவில் நர்ஸ் வேலை பார்த்த பெண் நம் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு சீரியல் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் இருப்பாள்? அதையும் யோசி.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். டவுன் ஹால் ரோடு லாட்ஜ்காரர்கள் சி ஃபாரம் என்பார்களே, அதுதான். லாட்ஜுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் உண்டு. பழைய 1946-ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, இந்தக் கடமை போகவில்லை. அவளை லீவுக்குக் கூட்டிவந்தால் அன்றைக்கே என்னிடம் பாஸ்போர்ட்டைக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி பெயர் விஷயம். இதில்தான் எனக்குப் பயம். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயர் ஒரு எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரிந்து சர்நேம் ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸில் வேறு முறை. பிள்ளையின் பெயர், அப்புறம் அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், கடைசியில் அப்பாவின் குடும்பப் பெயர். நம் ஊர் விண்ணப்பத்தில் யாராவது நடுவில் இருப்பதைத் தகப்பன் பெயர் என்று எழுதிவிடுவார்கள். ஒரு தாளில் அப்படி விழுந்தால் பிறகு எல்லாத் தாளிலும் அது தொடரும். பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் பிழை திருத்தல் பத்திரம் போடலாம். இதில் அபிடவிட், நோட்டரி, பேப்பர் விளம்பரம் என்று இழுக்கும். ஆகவே கல்யாணம் ஆனதும் அவள் பெயரை மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து எழுத்தாக, இடைவெளி உட்பட, எல்லா விண்ணப்பத்திலும் அதே. பிறப்புச் சான்றும், கல்யாணம் ஆகாதவர் என்ற சான்றும் மணிலாவில் இருந்து அப்போஸ்டில் முத்திரையோடு வரவழைக்கச் சொல். வெளிநாட்டில் காட்டுவதற்காகத் தாளில் அந்த அரசு போடுகிற முத்திரை அது. இந்தியாவில் அந்த முத்திரை செல்லும்.

ஓசிஐ வந்தபின் நர்ஸ் வேலை பார்க்கலாமா என்று அவள் கேட்டதாகச் சொன்னாய். டாக்டர், நர்ஸ், வக்கீல் மாதிரித் தொழில்களில் ஓசிஐக்காரர்கள் என்.ஆர்.ஐ.க்குச் சமம் என்று 2021 மார்ச் அறிவிப்பில் இருக்கிறது. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வது தனி வேலை, அதற்கான சர்டிபிகேட்டுகளை இப்போதே சேர்த்துவைக்கச் சொல். ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. வாடிப்பட்டித் தோப்பை உங்கள் இருவர் பெயரிலும் எழுதிவைக்கலாம் என்று அம்மா ஆசையாகச் சொன்னாள். அது நடக்காது, உன் பெயரிலேயே இருக்கட்டும்.

அம்மா படிக்கிற இடத்தில் இதை எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். இங்கே பிறக்கிற குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்றால், மற்றவர் அந்த நேரத்தில் சட்டப்படி தங்கியிருந்தால்தான் பிறப்பாலேயே குடியுரிமை. 2004 டிசம்பரில் வந்த விதி. எக்ஸ் விசாவில் வந்தால் ஒரு நாள்கூடக் காலாவதி ஆகவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இப்போது அவளுக்கு நீ சொல்ல வேண்டியது. கல்யாணம் முறிந்தால் அந்த ஓசிஐ அட்டையை ரத்து செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது இந்த ஊரில் அவள் இருப்பது உன்னைச் சார்ந்திருக்கிறது. ஆகாத பேச்சு என்று அம்மா சொல்வாள். ஆனால் சொந்த நாடு, சம்பளம், தாய் தகப்பன் எல்லாவற்றையும் விட்டு வருகிறவளுக்கு வேலையை ராஜினாமா செய்யும் முன் இது தெரிந்திருக்க வேண்டும், கூகுளில் அவளாகத் தேடித் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அவள் பெயரில் தனியாக ஒரு பேங்க் கணக்கு இருக்கட்டும், அதில் அவள் சம்பளத்தில் சேர்த்ததை நீ தொடாதே.

குடியுரிமையும் வாங்கலாம். இந்தியரைக் கட்டியவர் ஏழு வருஷம் இங்கே குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் நம் நாடு இரட்டைக் குடியுரிமை ஒத்துக்கொள்வதில்லை, அவள் தன் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும். அதை நீயோ நாங்களோ கேட்கவே கூடாது. அவளுக்குத் தானாகத் தோன்றினால் பார்க்கலாம்.

பிலிப்பைன்ஸ் சட்டப்படி, வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டுக் குடிபோகும் பெண்ணுக்கு அரசு ஆலோசனை வகுப்பு ஒன்று உண்டு, சான்றிதழ் இல்லாமல் அங்கே விமானம் ஏற விடமாட்டார்கள். அவள் அபுதாபியில் இருந்தே வருவதால் தேவைப்படுமா என்பதை அவளையே அவர்கள் தூதரகத்தில் கேட்கச் சொல். அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து கிளம்புகிறாள் என்றால் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அவள் பிறப்புச் சான்று, நான்கையும் ஸ்கேன் செய்து அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, எழுத்து மங்குகிறது. எழுத்தெல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் தூதரகத்தில் 1969 சட்டத்தைப் பற்றிக் கேட்டுவை, அவர்கள் பதிலை ஈமெயிலில் வாங்கு, வாய்ப்பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசலாம், அந்தப் பிள்ளையும் கூட இருக்கட்டும். அப்பத்தா அவளிடம் ஏதோ கேட்க வேண்டுமாம், என்னவென்று எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
அப்பா