துப்பாக்கி இருக்கட்டும், கையையும் பழக்கு சாமி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உரிமம் வந்து .32 ரிவால்வரும் வாங்கிவிட்டாய் என்று அப்பா சொன்னார். கோவை ராஜ வீதிக்கும் செல்வபுரம் நகைப் பட்டறைகளுக்கும் நடுவே தங்கத்தோடு போய்வருகிற சோலியில் அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், "இனி ஜூடோ, குத்துவரிசை எல்லாம் எதுக்கு, நேரம் எங்கே இருக்கு" என்று கேட்டாயாம். போலீஸ் ஸ்டேஷன் வேலையில் வழிப்பறி வழக்குகளைப் பார்த்தவள் என்கிற முறையில் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீசைச் சேர்ந்த டென்னிஸ் டுல்லர் 1983இல் எழுதி வைத்தது இது: 21 அடி தள்ளிக் கத்தியோடு நிற்கிறவன் சுமார் ஒன்றரை விநாடியில் உன் மேல் வந்து விழுவான். உறையிலிருந்து எடுத்துச் சுட, நன்றாகப் பழகினவருக்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். நீ சட்டைக்குள் வைத்திருக்கிறாய். துணியை விலக்க வேண்டும், பிடி சரியாகக் கைக்கு வர வேண்டும். வழிப்பறி செய்கிறவன் 21 அடியில் நின்று சொல்லிவிட்டு வருவதும் இல்லை. வழி கேட்பான், வண்டியை உரசுவான். உனக்கு விளங்கும்போது கை எட்டும் தூரத்தில் இருப்பான். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தேடிப் போகிற கைதான் அடியைத் தடுக்க வேண்டிய கை. அவன் உன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால், அப்புறம் ஒரே துப்பாக்கிக்கு ரெண்டு பேர் மல்லுக்கட்டுவதுதான் நடக்கும். அதனால் முதலில் கை, பிறகு விலகல், அதற்கும் பிறகு தேவை இருந்தால்தான் துப்பாக்கி.

சட்டமும் இதையேதான் கேட்கும். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. 37ஆம் பிரிவை நிதானமாகப் படி: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. குடித்துவிட்டுச் சட்டையைப் பிடிக்கிறவனுக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் தள்ளுகிறவனுக்கும் தோட்டா பதில் ஆகாது. வாய்ப்பேச்சுக்கும் தோட்டாவுக்கும் நடுவே உன்னிடம் ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். பையைப் பறித்துக்கொண்டு முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுடாதே. சரக்குக்குக் காப்பீடு எடுத்து வை.

துப்பாக்கி எப்போதும் உன்னோடு இருக்காது என்பதையும் யோசித்துப் பார். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லலாம்; சொன்னால் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் திருச்சூருக்கு நகை கொண்டு போகும் நாளில் வாளையாறு எல்லை தாண்டி எடுத்துப் போக முடியாது.

இனி என்ன பழகுவது என்று சொல்கிறேன். நிற்பதில் இருந்து தொடங்கு. துப்பாக்கி இருக்கிற பக்கத்துக் காலை அரை அடி பின்னால் வை. இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை வெளியே. "எட்ட நில்லு!" என்று தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போடு. சண்டைக்கு நீ போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகவும் நிற்கும். அடிக்க வேண்டி வந்தால் முஷ்டி வேண்டாம். மண்டையில் பட்டால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறியும், முறிந்த கையால் துப்பாக்கியைப் பிடித்துச் சுடுவது கஷ்டம். உள்ளங்கை அடிப்பாகத்தால் மூக்கு, தாடை. நெருங்கிவிட்டால் முழங்கை.

மணிக்கட்டைப் பிடித்தால் நேராக இழுக்காதே, பலசாலி விடமாட்டான். அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பலவீனமானது. உன் முழங்கையை அவன் பக்கம் மடக்கி, ஓர் அடி முன்வைத்து, அந்த இடைவெளி வழியாகக் கையைச் சுழற்றி எடு.

உறையில் இருக்கும் துப்பாக்கி மேல் அவன் கை விழுந்தால், அவன் கையோடு சேர்த்தே கீழே அழுத்து. வெளியே வர விடாமல் அழுத்துவதுதான் முக்கியம். இடுப்பைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்தை அவனிடமிருந்து திருப்பு. மறு கையால் கண், தொண்டையைக் குறிவை. துப்பாக்கி வெளியே இருந்தால் கையை நீட்டி வைக்காதே, விலாவோடு ஒட்டி வை. ரிவால்வரில் இன்னொன்று: ஹேமர், அதாவது பின்னால் இருக்கும் சுத்தி, இழுபடாத நிலையில் எதிராளி தோட்டா இருக்கும் சிலிண்டரை இறுகப் பிடித்தால் அது சுழலாது, வெடிக்கவும் வெடிக்காது. அப்போதும் வெடிக்கும் என்று நம்பி நின்றால் ஏமாந்துபோவாய்.

கீழே விழுவதையும் பழக வேண்டும், ஜூடோவில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். தாடை நெஞ்சோடு ஒட்டட்டும், கையை நேராக ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். எழும்போது ஒரு கையையும் எதிர்க்காலையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, மறு காலைப் பின்னால் இழுத்து எழு. எதிராளிக்கு முதுகு காட்டி எழாதே.

சிலம்பம் தூரத்தையும் காலடியையும் தரும், குத்துவரிசை கையைத் தரும். எந்த ஆசானிடம் போனாலும் ஒன்று கேள்: எதிர்த்துப் பிடிக்கிற ஆளோடு பழக விடுவாரா? காற்றில் போடுகிற வரிசை மட்டும் என்றால் வேறு இடம் பார். பயிற்சிக்கு நிஜத் துப்பாக்கி காலியாக இருந்தாலும் கூடாது. அதே அளவில் ஆசாரியிடம் மரத்தில் ஒன்று செதுக்கி வாங்கிச் சிவப்புச் சாயம் அடித்துக்கொள்.

நேரத்துக்கு வருகிறேன். பொழுதோட கடை அடைத்து வந்து எதுவும் ஆகாது, அது எனக்குத் தெரியும். வெடியால ஆறு மணிக்கு, வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் போதும். கயிறு தாண்டுவது மூன்று நிமிஷம், ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. மூச்சு வாங்கும்போதே பிடி விடுவிப்பதைச் செய், ஏனென்றால் நிஜத்தில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் செய்வாய். மற்ற நாட்களில் வீட்டில் பத்து நிமிஷம் மருமகளோடு பழகு. அவள் முழுப் பலத்தோடு பிடிக்கட்டும்; அடுத்த முறை நீ பிடி, அவள் விடுவிக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா