ப்ளூஸ் ஒலிபரப்பும் முன் ஊசியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சமுதாய வானொலி நடத்துபவர்கள் வாரம் ஒருமுறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை ஒலிபரப்ப நினைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 12 பாட்டு போதும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான், மிச்சம் பேச்சுக்கு.

மேமி ஸ்மித் 1920-இல் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' தொடக்கத்துக்குப் பொருத்தம். அடுத்து 1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. ஒவ்வொரு அடிக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) பதில் சொல்லும். ப்ளூஸில் முதலடியைத் திருப்பிப் பாடி, மூன்றாமடியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். கூத்தில் பின்பாட்டு கேட்டுப் பழகிய நம்மூர்க் காதுக்கு இது புதிதல்ல.

கெடுவது பெரும்பாலும் ஒலிதான். பின்னாளில் வந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டுக்கான 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசியை 78 தட்டில் வைத்தால், அகன்ற பள்ளத்தின் அடிக்கு இறங்கி அழுக்கையும் சேர்த்து வாசிக்கும். 75 மைக்ரான் அளவு முனை வேண்டும். கணினியில் இரைச்சலை ஒரேயடியாகத் துடைப்பதும் தப்பு. 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்த இசைத்தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் குரலோடு போன அமெரிக்கப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் 1927 பதிவில் வார்த்தையே கிடையாது (அது பக்திப்பாட்டு என்பது வேறு விஷயம்). கிட்டார் கம்பிமேல் சறுக்கும் ஓசையும் முனகலும்தான் பாட்டு. அதிகம் துடைத்தால் அதுவும் போய்விடும்.

வாசகர், காரிமங்கலம்